ஏப்ரலா, டிசம்பரா, போரே வேண்டாமா? 1971-ஐயும் 1987-ஐயும் ஒரே அளவுகோலில் வைத்தால்

கோயம்புத்தூர்ப் பக்கம் போரைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு பெயர்கள் தவறாமல் வரும். ஒன்று, வங்கதேசம் பிறந்த 1971 போரில் தரைப்படைத் தளபதியாக இருந்த மானெக்‌ஷா. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் வரும் குன்னூரில் ஓய்வுக்காலத்தைக் கழித்து, 2008-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானவர். இன்னொன்று 1987-ல் இலங்கைக்குப் போன அமைதிப்படை. முன்னதைச் சொல்லும்போது குரல் நிமிரும். பின்னது வந்தால் பேச்சு மெல்ல வேறு பக்கம் திரும்பும். 1971 சரியான போர், 1987 தப்பான போர் என்பதில் ஈரோட்டு டீக்கடையிலும் பொள்ளாச்சி சந்தையிலும் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. ஏன் என்று கேட்டால்தான் சிக்கல். "அதுல ஜெயிச்சோம், இதுல தோத்தோமுங்க" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

இந்தப் பதில் எனக்கு ஒப்பவில்லை. வெற்றியும் தோல்வியும் முடிவெடுத்த பிறகு வருபவை. முடிவெடுக்க உட்கார்ந்தவர்களுக்கு அன்றைக்கு என்ன தெரியும், அவர்கள் முன் என்னென்ன வழிகள் இருந்தன, எதை எதனோடு எடைபோட்டார்கள் என்று பார்த்தால்தான் முடிவு சரியா என்று சொல்ல முடியும். அப்படிப் பார்க்கும்போது எனக்குத் தென்படுவது இதுதான்: காரணம் நியாயமானதா என்ற கேள்வி இந்த இரண்டு போர்களையும் அவ்வளவாகப் பிரித்துக் காட்டவில்லை. வேறு வழிகள் தீர்ந்துபோனதா, உள்ளே போனபின் எப்படி வெளியே வருவது என்ற இரண்டு கேள்விகள்தான் பிரித்துக் காட்டுகின்றன. மேடைப் பேச்சுகளில் முழங்கப்படுவதோ முதல் கேள்வி மட்டும்.

எந்த அளவுகோல்?

அறப்போர்க் கோட்பாடு என்று இன்று சொல்லப்படுவது அகஸ்டின், அக்வினாஸ் போன்ற கிறிஸ்தவ அறிஞர்களிடம் உருவாகி, 17-ஆம் நூற்றாண்டில் டச்சுச் சட்ட அறிஞர் குரோஷியஸ் கையில் சர்வதேசச் சட்டத்தின் பக்கம் நகர்ந்த ஒரு மரபு. அதன் கேள்விகள் எளியவை. காரணம் நியாயமானதா? முடிவெடுப்பவருக்கு அதற்கான அதிகாரம் உண்டா? நோக்கம் சொல்லப்படும் காரணத்தோடு ஒத்துப்போகிறதா, உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடுகிறதா? மற்ற வழிகளை உண்மையிலேயே முயன்று பார்த்தாயிற்றா? வெல்வதற்கு நியாயமான வாய்ப்பு இருக்கிறதா? வரப்போகும் நன்மை, ஆகப்போகும் அழிவுக்கு ஈடாகுமா? இவை போருக்கு முன்னால் கேட்க வேண்டியவை. போர் தொடங்கியபின் இன்னும் இரண்டு: ஆயுதம் ஏந்தாதவர்களைத் தாக்காமல் இருக்கிறோமா, தேவைக்கு மேல் பலத்தைப் பயன்படுத்துகிறோமா.

இது மேற்கத்திய சரக்கு, நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆவதையும் அழிவதையும், ஆனபின் வரும் ஊதியத்தையும் எண்ணிப் பார்த்துச் செய் என்று 461-ஆம் குறளே சொல்கிறது. அம்பு விடுவதற்கு முன், பசுக்களும் பெண்களும் பிணியாளரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று அறிவித்ததாக ஒரு பாண்டியனைப் புறநானூறு புகழ்கிறது. ஆனால் நம் முன்னோர் அறப்போர் மட்டுமே செய்தார்கள் என்று இதை வைத்துக்கொண்டு மார்தட்ட வேண்டாம். பகைவர் நாட்டை எரிப்பதையும் கொள்ளையிடுவதையும் பாடுவதற்கென்றே மழபுல வஞ்சி என்று ஒரு துறை வகுத்து வைத்திருந்தவர்களும் நாம்தான். கொங்குச் சேரரில் ஒருவனுக்குத் 'தகடூர் எறிந்த' என்பதே அடைமொழி. கோட்டையை அழித்தது அன்றைக்குப் பட்டம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்விகளைப் போர் என்ற ஒரு வழியிடம் மட்டும் கேட்பது அரைகுறை வேலை. பேச்சுவார்த்தை, மறைமுக ஆயுத உதவி, சும்மா இருத்தல் ஆகியவற்றையும் இதே கேள்விகளுக்கு முன் நிறுத்த வேண்டும். சும்மா இருப்பதிலும் ஆட்கள் சாவார்கள்.

1971: மேசையில் இருந்த நான்கு வழிகள்

1970 டிசம்பர் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 169 இடங்களில் 167-ஐ அவாமி லீக் பிடித்தது. பாகிஸ்தான் முழுவதற்கும் அதுதான் பெரும்பான்மை. ஆட்சியைக் கொடுப்பதற்குப் பதிலாக 1971 மார்ச் 25 இரவு ராணுவத்தை இறக்கினார் பாகிஸ்தான் குடியரசுத் தலைவர் யாஹ்யா கான். டாக்கா பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள், அவாமி லீக் தலைவர் முஜிப் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதங்களில் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். திரிபுராவின் சொந்த மக்கள்தொகையே அப்போது 15 லட்சம் சொச்சம். அதற்குக் கிட்டத்தட்ட நிகராக அங்கே அகதிகள் வந்து சேர்ந்தார்கள். கொங்கு நாட்டுக்கும் அந்தச் சுமை சின்ன உருவில் வந்தது: 1971 நவம்பரிலிருந்து கடிதத்துக்கு வழக்கமான தபால்தலையோடு அகதிகள் நிவாரணத்துக்கென்று 5 பைசா தலையும் ஒட்ட வேண்டியிருந்தது.

இந்திரா காந்தி அரசு முன் இருந்த முதல் வழி, ஏப்ரலிலேயே படையை அனுப்புவது. நியாயமான காரணம் என்ற ஒரே கேள்வியை வைத்தால் நான்கில் இதுதான் முதலில் நிற்கும். கொலை நடந்துகொண்டிருக்கும்போதே அதை நிறுத்தப் போவதைவிட வலுவான காரணம் ஏது? தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் உயிர்க்கணக்கு. பாகிஸ்தான் உடைவது இந்தியாவுக்கு நல்லது, இந்த வாய்ப்பு திரும்ப வராது என்று மார்ச் முடிவிலேயே வெளிப்படையாக வாதாடினார் பாதுகாப்பு ஆய்வாளர் கே. சுப்பிரமணியம், திருச்சியில் பிறந்த நம்மவர். அவருடைய வாதத்தில் மனிதாபிமானமும் நாட்டு நலனும் கலந்துகிடந்தன. நோக்கம் என்ற கேள்வி அங்கேயே உறுத்தத் தொடங்குகிறது.

ஏப்ரல் வழி விழுந்தது வெற்றி வாய்ப்பு என்ற கேள்வியில். மானெக்‌ஷா பின்னாளில் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும்: மழைக்காலம் வரப்போகிறது, கிழக்கு வங்கத்து ஆறுகள் கடலாகிவிடும், இமயக் கணவாய்களில் பனி உருகினால் சீனா உள்ளே வர முடியும், கவசப் படையில் ஓடும் நிலையில் உள்ள டாங்கிகள் மிகக் குறைவு, பஞ்சாபில் கோதுமை அறுவடை, ரயில் பெட்டிகள் அதற்கு வேண்டும். பிரதமர் அவசரப்பட்டார், தளபதி தடுத்தார் என்று இந்தக் கதை சொல்லப்படுகிறது. ஆவணங்களைப் படித்த வரலாற்றாசிரியர்கள் சிலர் இதை ஏற்பதில்லை. பிரதமரும் அவருடைய ஆலோசகர் ஹக்ஸரும்கூட ஏப்ரலில் போரை விரும்பவில்லை என்கிறார்கள். யார் யாரைத் தடுத்தார் என்பது நமக்கு முக்கியமில்லை. தோற்கக்கூடிய மீட்புப் போர் மீட்கப் போனவர்களுக்கே கூடுதல் அழிவைக் கொண்டுவரும் என்று யாரோ ஒருவர் அந்த மேசையில் கணக்குப் போட்டார், அது முக்கியம்.

இரண்டாவது வழி, அகதிகளைப் பார்த்துக்கொண்டு உலக நாடுகளிடம் முறையிடுவது, அதோடு நிற்பது. நோக்கத்தில் மாசில்லாத வழி இது. ஆனால் 1971-ல் இதன் பலன் என்னவாக இருந்தது? டாக்காவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட் ஏப்ரல் 6-ஆம் தேதியே தன் அரசின் மௌனத்தை எதிர்த்துத் தந்தி அனுப்பினார். வாஷிங்டன் அசையவில்லை. ஜூலையில் அமெரிக்க அதிபர் நிக்ஸனின் ஆலோசகர் கிஸிஞ்சர் ரகசியமாகப் பெய்ஜிங் போனது பாகிஸ்தான் வழியாக. அந்தப் பாலத்தைக் கெடுத்துக்கொள்ள நிக்ஸனுக்கு மனமில்லை. அக்டோபர், நவம்பரில் இந்திரா காந்தி மேற்கு நாடுகளைச் சுற்றிவந்தார். பரிதாபமும் நிவாரணப் பணமும் கிடைத்தன. அகதிகள் வீடு திரும்பும் அரசியல் தீர்வு கிடைக்கவில்லை. இதைச் சிலர் வீண் பயணம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசி வழி என்ற கேள்விக்கு இந்தியாவால் நேர்மையாக 'ஆம்' சொல்ல முடிந்தது அந்தப் பயணத்தால்தான். கதவைத் தட்டாமலே பூட்டியிருக்கிறது என்று சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள்.

மூன்றாவது வழியைப் பற்றி நம் பேச்சுகளில் அதிகம் வருவதில்லை. வங்க விடுதலைப் போராளிகளான முக்தி வாகினிக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்து, இந்தியப் படையைப் பின்னால் வைத்துக்கொள்வது. செலவு குறைவு, பழி குறைவு, கையைக் கழுவிவிடலாம். அரசுகளுக்கு எப்போதும் பிடித்த வழி இது. அறப்போர்க் கேள்விகளில் இதுதான் அதிகமாகத் தடுக்கி விழுகிறது. ஏப்ரல் 17-ல் பதவியேற்ற வங்கதேசத் தற்காலிக அரசு இருந்ததால் அதிகாரம் பற்றிய கேள்வியை ஒருவாறு சமாளிக்கலாம். யாரைச் சுடுவது, யாரை விடுவது என்பதை எப்படிச் சமாளிப்பது? ஆயுதம் கொடுத்தவனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. வங்க மொழி பேசாத பிகாரி மக்கள் போருக்கு முன்னும் பின்னும் பழிவாங்கப்பட்டார்கள்; டாக்கா விழுந்த இரண்டாம் நாள், வெளிநாட்டுக் கேமராக்கள் முன்னாலேயே கைதிகள் குத்திக் கொல்லப்பட்டார்கள். வெறும் கொரில்லாப் போர் மட்டும் என்றால் அது ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கும். அகதிகளும் அதுவரை முகாமில்தான்.

நான்காவது, உண்மையில் நடந்தது: கோடை முழுக்கத் தயாராகிக்கொண்டே பேசுவது, ஆகஸ்ட் 9-ல் சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பந்தம் போட்டுச் சீனாவைத் தள்ளி நிறுத்துவது, மழை ஓய்ந்து கணவாய்களில் பனி விழுந்தபின் முழுப் படையோடு போவது. டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் மேற்கில் இந்திய விமானத் தளங்களைத் தாக்கியதும் போர் முறைப்படி தொடங்கியது. டிசம்பர் 16-ல் டாக்கா சரண்; கைதானவர்கள் சுமார் 93,000 பேர்.

இந்த வழியிலும் கறைகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. டிசம்பர் 3-க்கு முன்பே, நவம்பர் 20-ஐ ஒட்டி, இந்தியப் படைகள் கரீப்பூர் பக்கம் எல்லை தாண்டிவிட்டன. முதலில் அடித்தது பாகிஸ்தான் என்ற வாதம் சட்டத்துக்கு வசதியானது, முழு உண்மை அல்ல. ஐ.நா. பொதுச்சபையில் டிசம்பர் 7-ல் போர்நிறுத்தம் கேட்டு 104 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்தவை 11 மட்டுமே. ஒரு கோடி அகதிகளை எங்கள் மீது தள்ளுவதே ஒருவகைப் படையெடுப்பு என்று இந்தியத் தூதர் சமர் சென் வாதாடினார்; உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆக, உரிய அதிகாரம் என்ற கேள்வியை ஐ.நா. சாசனத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் 1971 பலவீனமான வழக்கு.

பின் எதை வைத்து இதை நான் சரி என்கிறேன்? நோக்கத்தை எதைக்கொண்டு சோதிக்க முடியுமோ அதை வைத்து. ஓர் அரசு மனதுக்குள் என்ன நினைத்தது என்பதை யாரும் பார்க்க முடியாது. அது எப்போது வெளியே வந்தது என்பதைப் பார்க்க முடியும். டாக்கா சரணடைந்த மறுநாளே மேற்கு முனையில் இந்தியா தானாகப் போரை நிறுத்தியது. 1972 மார்ச் பாதிக்குள் படைகள் வங்கதேசத்தை விட்டு வெளியேறிவிட்டன. காஷ்மீரில் பிடித்த சில இடங்கள் தவிர, மேற்கில் பிடித்த நிலம் சிம்லா ஒப்பந்தத்துக்குப் பின் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கிழக்கே ஒரு ஏக்கர்கூட இந்தியாவோடு சேர்க்கப்படவில்லை. எல்லாவற்றையும்விட, அகதிகளில் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் ஊர் திரும்பினார்கள். போருக்குச் சொன்ன காரணமும் போர் முடிந்து கிடைத்த பலனும் ஒன்றோடொன்று பொருந்தின.

டிசம்பர் வரை காத்திருந்ததற்கு விலை இருந்தது என்பதை மறந்தால் இந்த ஒப்பீடு பொய்யாகிவிடும். கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை 3 லட்சம் என்பாரும் உண்டு, 30 லட்சம் என்பாரும் உண்டு. எந்த எண்ணை எடுத்தாலும் அதில் ஏப்ரலுக்குப் பின் இறந்தவர்கள் பெரும்பங்கு. எட்டு மாதம் பொறுத்தது புத்திசாலித்தனம் என்று குன்னூர்க் கதையைச் சொல்லிக் கைதட்டுவது எனக்குக் கொஞ்சம் கூசுகிறது. அதைத் தேர்ந்தெடுத்தது சரி. கொண்டாடும் விதம்தான் சரியில்லை.

1987: இரண்டு முடிவுகள், ஒன்றாகக் கலந்தவை

1987 மே மாதம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் இலங்கை ராணுவம் பெரிய தாக்குதலைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு நிவாரணம் கொண்டுபோன இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4-ல், விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. பூமாலை என்று பெயர். ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். உடனே இந்தியப் படை போய் இறங்கியது.

இங்கே முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அதிகாரம் என்ற கேள்வியில் 1987, 1971-ஐவிடப் பல மடங்கு வலுவானது. அந்த நாட்டின் குடியரசுத் தலைவரே கையெழுத்திட்டு அழைத்திருக்கிறார், ஐ.நா.வில் யாரும் 104 வாக்குப் போடவில்லை. சட்டப்படி சுத்தமான போர் அறத்தில் நொண்டியதும், சட்டத்தில் சந்தேகமான போர் அறத்தில் தேறியதும் ஏன் என்று யோசித்தால், கையெழுத்து மட்டும் போதாது என்பது விளங்கும். ஒப்பந்தத்தால் ஆயுதத்தை இழக்க வேண்டிய விடுதலைப் புலிகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே இல்லை.

ஜூலையில் இருந்த வழிகள் என்ன? ஒன்று, பூமாலையோடு நின்று, நிவாரணமும் அழுத்தமும் தொடர்வது. இரண்டு, ஒப்பந்தத்துக்குச் சாட்சியாகவும் பொறுப்பாளியாகவும் இருந்து, கண்காணிப்பாளர்களை மட்டும் அனுப்புவது. மூன்று, இரு தரப்புச் சம்மதத்தோடு அமைதி காக்கும் படை. நான்காவதாக ஒன்று இருந்தது, ஆனால் அன்றைக்கு அதை யாரும் ஒரு வழியாகப் பெயர் சொல்லி மேசையில் வைத்ததாகத் தெரியவில்லை: புலிகளின் ஆயுதத்தைப் பலவந்தமாகப் பறிக்கும் போர்.

மூன்றாவதைத் தேர்ந்தார்கள். அதை நான் முழுக்கத் தப்பென்று சொல்லமாட்டேன். சம்மதம் இருக்கும்வரை அது போரே அல்ல. 1983 கறுப்பு ஜூலைக்குப் பின் நாலு வருடப் பேச்சுவார்த்தை ஓடியிருந்தது. கடைசி வழி என்ற கேள்விக்கு ஓரளவு பதில் இருந்தது. நோக்கத்தில்தான் கலப்படம். ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்க் கிடங்குகளும் அந்நிய வானொலி நிலையங்களும் பேசப்பட்டன. தமிழரைக் காப்பதோடு சேர்த்து, வேறு வல்லரசு எதுவும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்வதும் கணக்கில் இருந்தது. நாடுகள் நலன் பார்ப்பது குற்றமில்லை, 1971-லும் பார்த்தார்கள். ஆனால் யாரைக் காக்கப் போனோமோ அவர்களிடம் 'உங்களுக்காகத்தான்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், முதல் உரசலிலேயே நம்பிக்கை கிழியும்.

கிழிந்தது. செப்டம்பர் 26-ல் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5-ல், இலங்கைப் படையின் காவலில் கொழும்புக்குக் கொண்டுபோகப்படவிருந்த புலிகளில் 12 பேர் சயனைடு தின்று இறந்தார்கள். அதன்பின் சிங்களக் குடிமக்கள் கொல்லப்பட்டார்கள். அக்டோபர் 10-ல் இந்தியப் படை 'பவன்' நடவடிக்கையைத் தொடங்கியது. ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவே சுமார் 10 வாரம்தான். அமைதி காக்கப் போன படை, யாரிடமிருந்து யாரைக் காக்கப் போனதோ அந்த வரிசை தலைகீழாகி, போரிடும் படையானது.

என் கணக்கில் 1987-ன் பெரிய பிழை ஜூலையில் இல்லை, அக்டோபரில் இருக்கிறது. அக்டோபர் 10 ஒரு புதிய முடிவு. அதற்கு எல்லாக் கேள்விகளையும் மறுபடி முதலிலிருந்து கேட்டிருக்க வேண்டும். காரணம்: கையெழுத்திடாத ஒரு தரப்பின் மேல் ஒப்பந்தத்தைத் திணிப்பது நியாயமான காரணமா? சரி, சிங்களக் குடிமக்கள் கொல்லப்பட்டதை வைத்து ஆம் என்றே வைத்துக்கொள்வோம். கடைசி வழியா? பத்து வாரத்தில் எந்த வழியும் தீர்ந்துபோகாது. படையைத் திருப்பி அழைத்துக்கொள்வது என்ற வழி அப்போதும் திறந்தே இருந்தது. கௌரவம்தான் அதை மூடியது. வெற்றி வாய்ப்பு? மக்கள் நெருக்கமாக வாழும் குடாநாட்டில், மக்களோடு மக்களாக இருக்கும், அந்த மண்ணின் சந்துபொந்து தெரிந்த ஓர் அமைப்போடு. முன்பு இந்தியாவிலேயே பயிற்சி பெற்றவர்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் எப்படிச் சண்டையிடுவார்கள் என்று தெரியாது என்று டெல்லி சொல்ல முடியாது. முதல் இரண்டு நாளிலேயே யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட 13-ஆம் சீக்கிய இலகுரகக் காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் பற்றியும் நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

பொதுமக்களைப் பிரித்துப் பார்க்கும் கேள்வியில் நடந்தது அதைவிட மோசம். அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியப் படையினர் சுட்டதில் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என்று சுமார் 70 பேர் இறந்தார்கள். இது ஏதோ சில சிப்பாய்களின் தவறு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அத்தனை நெருக்கமான ஊரில், பதற்றத்தில் இருக்கும் படையை, தெளிவான முடிவுப்புள்ளி இல்லாத வேலைக்கு அனுப்பினால் இப்படி ஒன்று நடக்கும் என்று எதிர்பார்ப்பது முடிவெடுப்பவரின் பொறுப்பு. நன்மை அழிவுக்கு ஈடாகுமா என்ற கேள்வியைத் துப்பாக்கி பிடித்தவனிடம் கேட்டுப் பயனில்லை. அவனை அங்கே அனுப்பியவரிடம்தான் கேட்க வேண்டும்.

வெளியே வரும் வழி என்ன என்று கேட்டால், அக்டோபரில் அதற்குப் பதிலே இல்லை. பிறகு அது தானாக வந்தது: அழைத்த கொழும்பிலேயே பிரேமதாசா குடியரசுத் தலைவராகிப் போகச் சொன்னார், டெல்லியில் வி.பி. சிங் பிரதமரானார், 1990 மார்ச் 24-ல் கடைசிப் படை கப்பலேறியது. இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். சென்னைத் துறைமுகத்தில் வரவேற்கப் போக முதலமைச்சர் கருணாநிதி மறுத்துவிட்டார்.

1971-க்கும் 1987-க்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊரிலேயே கண்ணால் பார்க்கலாம். 1971-ன் அகதிகள் வீடு திரும்பினார்கள். 1990 ஜூனில் இலங்கையில் மறுபடி சண்டை தொடங்கியபோது புதிதாக அகதிகள் வந்தார்கள். பவானிசாகர் முகாமில் அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குப் போகிறார்கள். போரின் நோக்கம் நிறைவேறியதா என்பதை அளக்க இதைவிடச் சரியான இடம் எனக்குத் தெரியவில்லை.

அளவுகோலின் ஓட்டை ஒன்று

இவ்வளவும் சொன்னபின் கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் எழுந்து, "அப்படின்னா தீரன் சின்னமலை செஞ்சது தப்புங்களா?" என்று கேட்பார். கேட்க வேண்டும். 1799-ல் திப்பு வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனியின் கைக்குப் போனது. சின்னமலை பணிந்து வரி கட்டியிருக்கலாம். ஓடாநிலையில் கோட்டை கட்டி எதிர்த்தார். 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். வெற்றி வாய்ப்பு என்ற கேள்வியை அவரிடம் நீட்டினால் மதிப்பெண் மிகக் குறைவு. பலவீனமானவன் பலசாலியை எதிர்க்கும் எந்தப் போரும் அந்தக் கேள்வியில் தோற்கும். ஆக, இந்தக் கேள்வி வலுத்தவன் கையில் இன்னொரு ஆயுதமாகிவிடுகிறதே!

என் பதில் இது. தன் மண்ணில் தன் உயிரைப் பணயம் வைத்து எதிர்ப்பவனுக்கு வெற்றி வாய்ப்புக் கேள்வியைத் தளர்த்தலாம். அவன் தோற்றால் முதலில் விலை கொடுப்பவன் அவனே. அடுத்தவர் மண்ணுக்கு, அடுத்தவரின் நன்மையைச் சொல்லிப் படை அனுப்பும் அரசுக்குத் தளர்த்தவே கூடாது, இன்னும் இறுக்க வேண்டும். 1971-லும் 1987-லும் இந்தியா இருந்தது இந்த இரண்டாவது இடத்தில். மேடையில் சின்னமலையின் பெயரைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் எல்லைக்கு அப்பால் படை அனுப்பச் சொல்பவர்கள் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள்.

நான் எதைத் தேர்ந்திருப்பேன்

1971-ல் டிசம்பர் வழியைத்தான். முக்தி வாகினிக்கு ஆயுதம் கொடுத்ததோடு அவர்களைக் கட்டுப்படுத்தும் பொறுப்பையும் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும் என்ற திருத்தத்தோடு. பிகாரிகளைக் காப்பது டாக்காவில் நுழையும் முன்பே ஒரு படைப்பிரிவின் வேலையாக ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

1987 ஜூலையில் இரண்டாவது வழி: கண்காணிப்பாளர்கள் மட்டும், படை வேண்டாம். இதன் பலவீனம் எனக்குத் தெரியும். கண்காணிப்பாளர்களை யாரும் மதிக்கமாட்டார்கள், வடமராட்சித் தாக்குதல் மறுபடி தொடங்கியிருக்கலாம், ஆகஸ்டிலேயே ஒப்பந்தம் காகிதமாகியிருக்கலாம். அப்படி ஆனாலும் பூமாலை போல இன்னொரு அழுத்தம் கையில் மிச்சம் இருந்திருக்கும். படையை இறக்கியபின் டெல்லியின் கையில் மிச்சம் இருந்தது, இன்னும் கூடுதல் படை மட்டும்தான். படைதான் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்றால், போகும்போதே ஒரு வரி எழுதிவைக்கச் சொல்லியிருப்பேன்: எந்தத் தரப்பாவது சம்மதத்தை விலக்கிக்கொண்டால் முப்பது நாளில் படை வெளியேறும், போரிட வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் வைத்துப் புதிதாக முடிவெடுக்க வேண்டும் என்று. அக்டோபர் 10-ல் அந்த விவாதம் நடந்திருந்தால் இதே முடிவே வந்திருக்கலாம். ஆனால் மருத்துவமனை, பல்கலைக்கழகம், வெளியேறும் வழி ஆகிய மூன்றையும் யாராவது எழுந்து கேட்டிருப்பார்கள்.